காதோடு சொன்ன சொல்: பூவிருந்தவல்லி முதல் மதுரமங்கலம் வரை

ஒரு குழுவினர் தங்களுக்குள் மட்டும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, அதைப் பெற ஒரு சடங்கையும் அதைக் காக்க ஓர் உறுதிமொழியையும் வகுத்துக்கொண்டால், அந்தக் குழு சகோதர சங்கமாகிறது. இத்தகைய சங்கத்துக்கு எடுத்துக்காட்டாக ஐரோப்பாவில் ஃப்ரீமேசன்களைச் சொல்வார்கள். அதைவிடப் பழைய, நன்கு பதிவான வரலாறு ஒன்று சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே இருக்கிறது. பூவிருந்தவல்லி திருக்கச்சி நம்பியின் ஊர். நசரத்பேட்டை முதலியாண்டானின் ஊர். ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த இடம். மதுரமங்கலத்தில் எம்பார் பிறந்தார். காஞ்சியை அடுத்த கூரத்தில் கூரத்தாழ்வான். ஐந்து ஊர்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். வழியெங்கும் கார், கைப்பேசி, கண்ணாடி, டயர் ஆலைகள். அவற்றின் வாயில்களிலும் இரகசியம் காக்கப்படுகிறது. அது வேறு வகை இரகசியம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இந்தச் சாலையில் போகும்போது கண்ணால் காணலாம்.

பூவிருந்தவல்லிப் பேருந்து நிலையத்தின் இரைச்சலைத் தாண்டி ஊருக்குள் சென்றால் திருக்கச்சி நம்பியோடு சேர்த்துச் சொல்லப்படும் வரதராசப் பெருமாள் கோயில் வரும். நம்பி அந்தணர் அல்லர். காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு செய்தவர். வீசும்போது பெருமாள் அவரோடு பேசுவார் என்பது மரபு. இராமானுசர் ஒருமுறை அவரிடம், தம் மனத்தில் சில கேள்விகள் இருப்பதாகவும் அவற்றுக்குப் பெருமாளிடம் விடை பெற்றுத் தரவேண்டும் என்றும் வேண்டினார். கேள்விகள் என்னவென்று அவர் வாய்திறந்து சொல்லவில்லை. விடைகள் மட்டும் ஆறாக வந்தன. ‘ஆறு வார்த்தை’ என்று வைணவர் போற்றுவது இதையே. பெரிய நம்பியை ஆசாரியராக அடையவேண்டும் என்பது அவற்றில் கடைசி. கேட்டவரின் வாய் மூடியிருந்தது. கொண்டுவந்தவருக்குக் கேள்வி தெரியாது. ஆனாலும் விடை சேரவேண்டிய இடத்தில் சேர்ந்தது. நம்பிக்கைக்கு உரிய ஒருவர் நடுவில் நின்றால் சொல்லே தேவைப்படாது என்பதை இந்தக் கதையைவிடத் தெளிவாக எந்தச் சங்கத்தின் சடங்கும் காட்டியதில்லை.

அந்தப் பெரிய நம்பியை இராமானுசர் மதுராந்தகத்தில் சந்தித்தார். ஏரிகாத்த ராமர் கோயிலின் மகிழ மரத்தடியில் அவருக்குப் பஞ்ச சம்ஸ்காரம் நடந்தது. இன்றும் வைணவக் குடும்பங்களில் நடக்கும் இந்தச் சடங்குக்கு ஐந்து உறுப்புகள். முதலில் சங்கு சக்கரப் பொறிகளைச் சூடேற்றித் தோள்களில் ஒற்றுவார்கள். திருவிலச்சினை என்பது இதன் பெயர். பிறகு உடலில் பன்னிரண்டு இடங்களில் திருமண். பிறகு ‘தாசன்’ என்று முடியும் புதுப்பெயர். நான்காவதாகக் காதில் மந்திரம். ஐந்தாவதாக வழிபாட்டு முறை. உடலில் ஒரு வடு, நெற்றியில் ஒரு குறி, ஒரு புதுப்பெயர், காதில் ஒரு சொல் என்ற இந்த வரிசையை உலகின் பல மூலைகளில் சகோதர சங்கங்கள் ஏதோ ஒரு வடிவில் வைத்திருக்கின்றன. வடுவும் குறியும் எல்லோர் கண்ணிலும் படும். காதில் சொன்னது மட்டும் வெளியே தெரியாது. மறைவான ஒன்றைத் தாங்கி நிற்பதற்கே வெளிப்படையான நான்கும் இருக்கின்றன.

பேச்சிலும் குறி உண்டு. வைணவ இல்லங்களில் ‘நான்’ என்பது ‘அடியேன்’ ஆகும். ரசம் சாற்றமுது. கறி கறியமுது. பாயசம் கண்ணமுது. சமையல் தளிகை, வீடு திருமாளிகை. இவற்றில் மறைக்க எதுவும் இல்லை. கேட்பவர் எவருக்கும் பொருள் புரியும். ஆனால் முன்பின் தெரியாத இருவர் ஒரு வாய்ச் சோற்றின் பெயரைக் கொண்டே ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வார்கள். ஃப்ரீமேசன்களின் கைகுலுக்கலும் இதே வேலையைத்தான் செய்கிறது.

நசரத்பேட்டை நெடுஞ்சாலையில் அடுத்து வருவது. கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் இந்த ஊரில் முதலியாண்டான் பிறந்தார் என்பதைச் சாலையில் போகிறவர்கள் பலர் அறியார். அவர் இராமானுசரின் சகோதரி மகன். திருக்கோட்டியூர் நம்பியிடம் திருமந்திரத்தின் பொருளைக் கற்க இராமானுசர் திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். கடைசி முறை, தண்டும் பவித்திரமும் மட்டும் கொண்டு தனியே வரும்படி நம்பி ஆளனுப்பினார். இராமானுசர் முதலியாண்டானையும் கூரத்தாழ்வானையும் கூட்டிக்கொண்டு போனார். நம்பி அதைக் கேட்டபோது, இவர்கள்தாம் தம் தண்டும் பவித்திரமும் என்று இராமானுசர் சொன்னார். நம்பி ஏற்றுக்கொண்டார். ஒருவருக்கு மட்டும் என்று வகுத்த இரகசியம் அந்த வாசற்படியிலேயே மூவருக்கு உரியதாகிவிட்டது.

அதுவரை இருந்த முறைக்கு ‘ஓராண் வழி’ என்று பெயர். ஓர் ஆசாரியர், ஒரு சீடர், அவருக்கு ஒரு சீடர் என நூல்போல் இறங்கும் வழி. இந்த வழியில் எதுவும் வெளியே கசியாது. ஆனால் நடுவில் ஒருவர் தவறினால் எல்லாமே அறுந்துபோகும்.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையும் இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டும் கடந்தால் ஸ்ரீபெரும்புதூர். 1998 முதல் கார்கள் வெளிவரும் ஹூண்டாய் ஆலை வழியில் உள்ளது. ஊருக்குள் ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் அனந்தசரசு குளமும். 1017-இல் சித்திரைத் திருவாதிரையில் இராமானுசர் இங்கே பிறந்தார் என்பது மரபு. கைகூப்பிய கோலத்தில் இருக்கும் அவரது திருவுருவத்துக்குத் ‘தான் உகந்த திருமேனி’ என்று பெயர். மேல்கோட்டையில் இருப்பது ‘தமர் உகந்த திருமேனி’, திருவரங்கத்தில் இருப்பது ‘தானான திருமேனி’. ஆண்டுதோறும் சித்திரையில் பத்து நாள் விழாவுக்கு ஊரே திரண்டிருக்கும். மற்ற நாட்களில் காலை ஷிப்டு முடிந்து இறங்குபவர்களும் மாலை ஷிப்டுக்குக் கிளம்புபவர்களும் கம்பெனி பஸ்ஸுக்கு நடக்கும் வழியில் கோபுரத்தைப் பார்த்து ஒரு கணம் கைகூப்புவதைக் காணலாம்.

இந்த ஊரின் மகனைப் பற்றித் தமிழ்நாடு முழுவதும் சொல்லப்படும் கதை நடந்தது இங்கே இல்லை, சிவகங்கை மாவட்டத்துத் திருக்கோட்டியூரில். பதினெட்டாம் முறை பெற்ற பொருளை மறுநாளே அவர் பலரைக் கூட்டிச் சொல்லிவிட்டார். மக்கள் வழக்கில் அவர் கோபுரத்தின் மேல் ஏறிக் கூவினார். குருபரம்பரையின் பழைய பாடங்களில் கோயிலுக்குள் கூடியிருந்த அடியார்களுக்குச் சொன்னார் என்றுதான் உள்ளது. திருக்கோட்டியூர் விமானத்தின் மேல் தளத்தில் இன்று அவர் உருவம் நிற்கிறது. நம்பி சினந்து, வாக்கை மீறியவனுக்கு நரகமே கதி என்றார். நரகம் தமக்கு ஒருவருக்கு, மற்ற எல்லோருக்கும் வீடு என்றால் அது நல்லதே என்று இராமானுசர் பதில் சொன்னார். நம்பி அவரைத் தழுவி ‘எம்பெருமானார்’ என்று பெயரிட்டார். இராமானுசர் தம் வடமொழி நூல்கள் எதிலும் இதைக் குறிப்பிடவில்லை. இந்நிகழ்ச்சி அவருக்குப் பின் எழுந்த குருபரம்பரை நூல்களின் வழியாகவே நமக்கு வருகிறது.

இங்கே ஒன்றை நிறுத்திக் கவனிக்கவேண்டும். எட்டெழுத்துத் திருமந்திரத்தின் எழுத்துகள் அன்றைக்கும் இரகசியமாக இருந்ததில்லை. ஆழ்வார் பாடல்களில் ‘நாராயணா’ என்னும் பெயர் வெளிப்படையாக ஒலித்தது. மறைத்தது அதன் பொருளை. சரியாகச் சொன்னால், அந்தப் பொருளைப் பெறும் முறையை. கோபுரக் கதையைச் சொல்பவர்கள் அதை இரகசியத்தின் முடிவாகச் சொல்வதுண்டு. குருபரம்பரை அப்படி முடிக்கவில்லை. கீதையின் சரம சுலோகத்தின் பொருளையும் இராமானுசர் நம்பியிடமே கற்றார், அதைத் தகுதி பாராமல் யாருக்கும் சொல்லக்கூடாது என்ற கட்டளையோடு. கூரத்தாழ்வான் கேட்டபோது, ஓராண்டு தொண்டு செய்த பிறகே சொல்லலாம் என்பது நம்பியின் நிபந்தனை என்றார். ஓராண்டு உயிரோடு இருப்போம் என்பதற்கு என்ன உறுதி என்று ஆழ்வான் கேட்டார். ஒரு மாதம் வாசலில் உண்ணாமல் கிடப்பது ஓராண்டுத் தொண்டுக்கு ஈடு என்று தெரிந்ததும், அப்படியே கிடந்து பெற்றார்.

ஆண்டானின் வழி இதைவிடக் கடினமானது. கல்வியிலும் குடிப்பிறப்பிலும் பெருமை கொண்டிருந்தவர் அவர். பெரிய நம்பியின் மகள் அத்துழாய் புகுந்த வீட்டில் தண்ணீர் எடுக்கத் துணை கேட்டபோது, சீதனமாக ஒரு வேலையாளைக் கூட்டிவா என்று மாமியார் சொல்லிவிட்டாள். அந்த வேலையாளாக இராமானுசர் ஆண்டானை அனுப்பினார். ஆண்டான் அந்த வீட்டில் தண்ணீர் சுமந்து சமைத்தார். தாம் யார் என்பதைச் சொல்லவில்லை. அந்த வீட்டில் நடந்த வேதாந்தப் பேச்சில் ஒரு தவறான பொருளைக் கேட்டு வாய் திறந்து திருத்திய பிறகுதான் பரிசாரகன் யாரென்று அவர்களுக்குத் தெரிந்தது. அதன் பிறகே சரம சுலோகத்தின் பொருள் அவருக்குக் கிடைத்தது. இரகசியத்துக்கு அவர் கொடுத்த விலை தம் பெயரைப் பற்றிய மௌனம்.

ஆகவே இராமானுசர் கதவை உடைத்தெறிந்தவர் அல்லர், வாசலின் அளவுகோலை மாற்றியவர். ஆசை ஒன்றே தகுதி என்று அவர் அருளினார் எனப் பதினைந்தாம் நூற்றாண்டில் மணவாள மாமுனிகள் எழுதினார். குலம் தகுதியாக இருந்த இடத்தில் விருப்பம் வந்து அமர்ந்தது. விருப்பம் உண்மையா என்று பார்க்கவே ஒரு மாத உண்ணாநோன்பும் அடுக்களைப் பணியும். பின்வந்த பிள்ளை உலகாசிரியர் இந்த மந்திரங்களையும் பிறவற்றையும் விளக்கிப் பதினெட்டு நூல்கள் எழுதினார். அவற்றுக்கு ‘ரகசியங்கள்’ என்றே பெயர். வடமொழி கலந்தாலும் பெண்களும் மற்றவர்களும் புரிந்துகொள்ளும் தமிழில் அவை எழுதப்பட்டன. எழுதி வைத்து, படித்துக் காட்டி, உரை சொல்லி, அச்சிட்டுப் பரப்பிய பிறகும் அவற்றின் பெயர் ரகசியம்தான். வேதத்துக்குத் தமிழ் ‘மறை’ என்று பெயரிட்டிருப்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. ஓதி ஓதிக் காதில் விழுந்துகொண்டே இருக்கும் ஒன்றுக்கு மறைந்திருப்பது என்று பெயர்.

ஃப்ரீமேசன் வரலாறும் இதையே சொல்கிறது. லண்டனில் 1723-இல் ஆண்டர்சன் தொகுத்த விதிநூல் வெளிவந்தது. 1730-இல் சாமுவேல் பிரிச்சர்டு என்பவர் அவர்களது சடங்குகளைக் கேள்வி பதிலாக அச்சிட்டு விற்றார். வாங்கியவர்களில் உறுப்பினர்களும் உண்டு. சங்கம் அழியவில்லை, இன்னும் வளர்ந்தது. உருவிய வாளோடு வாயிற்காவலர் நிற்பதும், கண்கட்டி அழைத்துச் செல்வதும், சொல்லமாட்டேன் என்று உறுதி ஏற்பதும் தொடர்ந்தன. உறுதிமொழியிலிருந்த கொடிய தண்டனை வாசகங்களை இங்கிலாந்தின் மேசன் பேரவை 1986-இல் நீக்கியது. தமிழ்நாட்டில் ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா 1775-இல் திருச்சிராப்பள்ளியில் இச்சங்கத்தில் சேர்க்கப்பட்டார். சென்னை எழும்பூரில் அவர்களது மண்டபம் இன்றும் உள்ளது. 1961-இல் இந்தியாவுக்கெனத் தனிப் பேரவை அமைந்தது. கடையில் விற்கும் புத்தகத்தில் உள்ளதைச் சொல்லமாட்டேன் என்று முந்நூறு ஆண்டுகளாக மனிதர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள் என்றால், வாக்கில் காக்கப்படுவது செய்தி அன்று, வாக்குக் கொடுத்தவனின் நம்பகம்.

மௌனத்தின் சின்னங்கள் பல. உதட்டில் விரல் வைத்த சிறுவனான ஹார்ப்போகிரட்டீசைக் கிரேக்கர் மௌனத்தின் கடவுளாகக் கொண்டனர். அவை நடக்கும் இடத்தின் கூரையில் ஐரோப்பியர் ரோசாப்பூவை வரைந்தனர். தமிழ்க் கோயில்களில் கல்லாலின் கீழ் தட்சிணாமூர்த்தி சின்முத்திரையால் பேசுகிறார். ஆசாரியர் முன் சீடர் வலக்கையால் வாய் பொத்தி நிற்பது இவற்றில் மிகவும் பழகிய ஒன்று. இதே வாய் பொத்தும் கையை, ஆண்ட சாதியார் தெருவில் நடக்கும்போது ஒடுக்கப்பட்டவர்கள் மீதும் இந்த மண் சுமத்தியது. உருவத்தில் இரண்டும் ஒன்றே. விரும்பி மூடிய வாய்க்கும் மூட வைத்த வாய்க்கும் உள்ள தூரத்தை அளக்காமல் மௌனத்தைப் புகழ்ந்து எழுதுவது பெரும் தவறு.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தெற்கே சிங்கப்பெருமாள் கோயில் செல்லும் சாலையில் ஒரகடம். பத்து ஆண்டுகளில் வயலும் ஏரியுமாக இருந்த வெளி ஆலைகளால் நிறைந்தது. ரெனோ–நிசான் 2010-இலும் டைம்லர் லாரி ஆலை 2012-இலும் ராயல் என்ஃபீல்டு 2013-இலும் இங்கே உற்பத்தியைத் தொடங்கின. இந்தச் சாலைகளில் சில நாட்களில் வினோதமான வண்டி ஒன்று கடந்து போகும். உடல் முழுக்கக் கறுப்பு வெள்ளைச் சுருள்கள் அச்சிட்ட உறை ஒட்டியிருக்கும். இன்னும் விற்பனைக்கு வராத மாதிரி வண்டியைச் சோதனைக்கு ஓட்டுகிறார்கள். வளைவுகள் கண்ணுக்குப் பிடிபடாமல் இருக்க அந்த உறை. ஆனால் சாலையில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பதும் அந்த வண்டியைத்தான். இரகசியம் தன்னை வைத்திருப்பவனுக்கு ஓர் அணிகலன் போல ஆகிறது என்று 1906-இல் ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் எழுதிய கட்டுரைக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது.

ஆலை வாயில்களில் வருகையாளரின் கைப்பேசி கேமராமீது ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், அல்லது கைப்பேசியையே வாங்கி வைத்துவிடுகிறார்கள். தொழிலாளர் கழுத்தில் அடையாள அட்டை, உடலில் சீருடை, கையெழுத்திட்ட உறுதிப்பத்திரம். பார்வைக்குப் பஞ்ச சம்ஸ்காரத்தின் நிழல் போலத் தெரியும். ஒரு வேறுபாடு எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. ஆலையின் இரகசியம் வெளியே போனால் அதன் மதிப்புப் போய்விடும். வண்டி விற்பனைக்கு வரும் நாளில் அது தானாகவே தீர்ந்தும் போகும். அதைக் காப்பவர்களுக்கு அது சொந்தமும் இல்லை. திருமந்திரத்தின் பொருள் ஆயிரம் பேருக்குச் சொன்ன பிறகும் குறையவில்லை.

செய்தி சொல்லாமல் இருப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்த வழித்தடத்தில் ஒரு சாட்சி உண்டு. 2021 டிசம்பரில் ஒரு கைப்பேசி ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு கெட்டுப் பலர் மருத்துவமனையில் சேர்ந்தனர். தோழிகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள்; இரவெல்லாம் போக்குவரத்து நின்றது. இறந்ததாகச் சொல்லப்பட்டவர்கள் உயிரோடு இருப்பது பின்னர் உறுதியானது. அறையைப் பகிர்ந்துகொண்ட பெண்களின் அந்தக் கூட்டத்துக்குச் சடங்கோ பெயரோ இருந்ததில்லை. ஒருவருக்காக ஒருவர் நடுச்சாலையில் அமர்ந்த அன்று, சகோதரிகளின் சங்கத்துக்கு வேண்டிய அனைத்தும் அதனிடம் இருந்தன.

தொழிற்சங்கங்களின் வரலாறும் இரகசியத்தில்தான் தொடங்கியது. 1833-இல் இங்கிலாந்தின் டால்பட்டில் கிராமத்து உழவுக் கூலிகள் ஆறு பேர் ஒரு சங்கம் அமைத்தனர். புதிதாகச் சேர்பவரைக் கண்கட்டி அழைத்துவந்து எலும்புக்கூட்டுப் படத்தின் முன் உறுதி ஏற்கவைத்தனர். சட்டவிரோத உறுதிமொழி என்று சொல்லி அவர்களை ஏழாண்டுக்கு ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தினார்கள். அமெரிக்காவில் 1869-இல் தோன்றிய உழைப்பு வீரர்கள் என்னும் சங்கம் தன் பெயரை எழுதாமல் ஐந்து நட்சத்திரக் குறிகளை இட்டது. வேலை போய்விடும் என்ற அச்சம் அந்த மறைவுக்குக் காரணம். 1882-இல் அது மறைவைக் கைவிட்டது.

சென்னையில் கதை வெளிச்சத்திலேயே தொடங்கியது. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் இராமானுசலு நாயுடுவும் முன்முயற்சி எடுக்க, பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. உடன் நின்றார். வாடியா அடையாற்றின் பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர். அந்தச் சபைக்குள் 1888 முதல் இரகசிய உறுதி ஏற்றவர்களுக்கு மட்டுமான ஓர் உள்வட்டம் இருந்தது. அந்தச் சூழலிலிருந்து வந்தவர் தெருவில் நின்று ஊரறியப் பேசினார். ஆலையை நடத்திய பின்னி நிறுவனம் வழக்குத் தொடர்ந்து தடை வாங்கியது. சங்கம் நடத்துவதே குற்றமாகிவிடும் நிலையைக் கண்டு எழுந்த முயற்சிகளின் முடிவில் 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவேட்டில் பெயர் எழுதிக்கொள்வது அதன் மையம். மறைவுக்கு நேர் எதிரான சடங்கு.

அந்தப் பெயர்ப் பதிவுக்காகவும் சுங்குவார்சத்திரத்தில் போராட்டம் நடந்தது. அங்குள்ள சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாள் வேலைநிறுத்தம். சங்கத்தைப் பதிவு செய்யவேண்டும் என்பது முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்று. சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ என்ற சொல் வருவதை நிறுவனம் எதிர்த்தது. 2025 ஜனவரி இறுதியில் அந்தப் பெயரோடே சங்கம் பதிவானது.

சுங்குவார்சத்திரத்திலிருந்து உள்ளே பிரியும் சாலை மதுரமங்கலத்துக்குச் செல்கிறது. ஆலைகள் மறைந்து வயல்கள் தொடங்கும். இங்கே பிறந்த கோவிந்தர் இராமானுசருக்குச் சித்தி மகன். காசி யாத்திரையில் இராமானுசரின் அன்றைய ஆசிரியர் யாதவப் பிரகாசரின் ஆட்கள் அவரைக் கொல்லத் திட்டமிட்டதை அறிந்து, விந்தியக் காட்டில் யாரும் அறியாமல் எச்சரித்துத் தப்பிக்க வைத்தவர் அவர். ஓர் இரகசியத்தை உடைத்ததால் ஓர் உயிர் தப்பியது. அந்த உயிரின் வழியே ஒரு சம்பிரதாயமும் தப்பியது.

பின்னாளில் கோவிந்தர் திருவரங்கத்தில் தொண்டில் மூழ்கி மனைவியை மறந்திருந்தார். இருளில் தனித்திருக்கும் வேளையில் அவளோடு இருக்கவேண்டும் என்று இராமானுசர் கட்டளையிட்டார். மறுநாள் கேட்டபோது, அந்தர்யாமியாக உள்ளே பெருமாள் ஒளிவிட்டு நிற்கையில் தமக்கு இருளும் தனிமையும் எங்கும் அகப்படவில்லை என்று கோவிந்தர் சொன்னார். மறைவான இடம் ஒன்றுமே இல்லாத அவருக்கு இராமானுசர் துறவு கொடுத்தார். திருக்கோட்டியூரில் இரகசியத்தைத் திறந்ததற்காகத் தமக்குக் கிடைத்த ‘எம்பெருமானார்’ என்ற பெயரையே அவருக்கும் சூட்டினார். அத்தனை பெரிய பெயர் தமக்குத் தகாது என்று கோவிந்தர் மறுத்தார். நடுவிலிருந்த எழுத்துகளை நீக்கிச் சுருக்கியதும் அது எம்பார் ஆயிற்று. மதுரமங்கலத்தில் அவரை வணங்குவது அந்தச் சுருங்கிய பெயரால்தான்.